உங்கள் கனவு எத்தனை நிமிடம் ஓடியது? வீட்டிலேயே அளந்து பார்க்கும் முறை

எவ்வளவு நீளமான கனவும் கண் மூடித் திறப்பதற்குள் ஓடி முடிந்துவிடும் என்று பலர் இன்றும் நம்புகிறார்கள். உண்மையில் ஒரு கனவு சில நிமிடங்களிலிருந்து இருபது நிமிடம் வரை ஓடும். விடியும் நேரத்தில் வருவது அரை மணியைக்கூடத் தொடலாம். கனவுக்குள் நடப்பதற்கும், பேசுவதற்கும், எதையாவது தேடுவதற்கும் விழித்திருக்கும்போது ஆகும் நேரமே ஏறத்தாழ ஆகிறது. விழித்த பின் சுருங்கிப்போவது கனவின் நினைவு மட்டும்தான். ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு அலாரம், இரண்டு வாரப் பொறுமை இருந்தால் இதை உங்கள் கனவை வைத்தே சோதித்துப் பார்க்கலாம்.

கண் இமைக்கும் நேரம் என்ற எண்ணம் எப்படி வந்தது

பிரான்ஸைச் சேர்ந்த ஆல்ஃபிரட் மோரி என்ற அறிஞர் 1861-இல் தூக்கத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் தன்னைப் பிடித்து விசாரித்துத் தண்டனை கொடுத்து, வண்டியில் ஏற்றிப்போய், கில்லட்டினில் கழுத்தை வெட்டுவதாகக் கண்ட கனவை அதில் விவரித்திருந்தார். திடுக்கிட்டு விழித்துப் பார்த்தால் கட்டிலின் ஒரு பகுதி கழுத்தில் விழுந்து கிடந்தது. கட்டை விழுந்ததற்கும் கண் விழித்ததற்கும் இடையிலான நொடியில்தான் அத்தனை காட்சியும் ஓடியிருக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். அந்த முடிவு நூறு ஆண்டு நிலைத்தது. ஆனால் கனவு கண்டு பல ஆண்டுகளுக்குப் பிறகு எழுதிய நினைவு அது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஒரு புரட்சிக் கனவின் கடைசிக் காட்சியில் கட்டை விழுந்திருக்கவும் முடியும்.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கியும் நதானியேல் கிளைட்மனும் 1953-இல், தூக்கத்தின் குறிப்பிட்ட கட்டங்களில் மூடிய இமைக்குள் கண்மணிகள் வேகமாக அங்குமிங்கும் ஓடுவதைப் பதிவு செய்து வெளியிட்டார்கள். அந்தக் கட்டத்தைத்தான் இன்று ரெம் தூக்கம் என்கிறோம். 1957-இல் வில்லியம் டெமெண்ட் கிளைட்மனோடு சேர்ந்து செய்த சோதனைதான் நம் அளவைக்கு அடிப்படை. ரெம் தொடங்கி 5 நிமிடத்திலோ 15 நிமிடத்திலோ தூங்குபவரை எழுப்பி, ‘கனவு ஓடியது ஐந்து நிமிடமா, பதினைந்து நிமிடமா?’ என்று கேட்டார்கள். 111 முறை கேட்டதில் 92 முறை சரியான பதில் வந்தது. ஐந்து நிமிடத்தில் எழுப்பியபோது 51-க்கு 45, பதினைந்தில் எழுப்பியபோது 60-க்கு 47. பதினைந்தில் தவறு கூடியதைக் கவனியுங்கள். கனவின் முன்பகுதி மறந்து பின்பகுதி மட்டும் நினைவில் நின்றால், நீளமான கனவும் குட்டையாகத்தான் தெரியும். உங்கள் அளவையிலும் இதே பிழைதான் அதிகம் வரும்.

அடுத்த ஆண்டு டெமெண்டும் எட்வர்ட் வோல்பர்ட்டும் தூங்குபவர் மேல் குளிர்ந்த நீரைத் தெளித்து, சற்று நேரம் விட்டு எழுப்பினார்கள். சிலருடைய கனவில் மழையாகவோ ஒழுகும் கூரையாகவோ அந்த நீர் நுழைந்திருந்தது. நீர் வந்த காட்சிக்குப் பிறகு கனவில் எவ்வளவு நடந்ததோ, அதுவும் கடிகாரம் காட்டிய நேரமும் பொருந்தி வந்தன.

எந்த நேரத்தில் விழித்தால் நீளமான கனவு கிடைக்கும்

இரவுத் தூக்கம் ஒரே சீராக ஓடுவதில்லை. லேசான தூக்கம், ஆழ்ந்த தூக்கம், ரெம் என்று ஒரு சுற்று முடிய ஏறத்தாழ 90 நிமிடம் ஆகும். ஆளுக்கு ஆள், இரவுக்கு இரவு இது 70 முதல் 120 நிமிடம் வரை மாறும். ரெம் வருவது சுற்றின் கடைசியில். முதல் சுற்றில் அது சில நிமிடம்தான் நீடிக்கும், சில இரவில் வந்த சுவடே தெரியாது. இரண்டாவது, மூன்றாவது சுற்றுகளில் பத்து, பதினைந்து என்று நீண்டு, கடைசிச் சுற்றுகளில் இருபது முப்பது நிமிடம் ஆகிவிடும். முன்னிரவை ஆழ்ந்த தூக்கம் எடுத்துக்கொள்வது ஒரு காரணம். உடல் வெப்பம் மிகவும் தாழும் பின்னிரவு நேரத்தை ஒட்டி உடலே ரெம்முக்கு அதிகம் இடம் கொடுப்பது இன்னொரு காரணம். வளர்ந்தவர்களுக்கு மொத்தத் தூக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்குச் சற்று அதிகமோ ரெம்மாக இருக்கும். ஏழரை மணி நேரம் தூங்கினால் சுமார் ஒன்றரை மணி நேரம் ரெம் என்று வைத்துக்கொள்ளலாம். அதன் பெரும்பகுதி கடைசி இரண்டு சுற்றுகளில் இருப்பதால், ஆறு மணி நேரம் தூங்கி எழுபவர் இழப்பது தூக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்றால், கனவில் அதைவிடப் பெரிய பங்கு.

இங்கே ஒரு எச்சரிக்கை. ரெம்மின் நீளமும் கனவின் நீளமும் ஒன்றல்ல. இருபத்தைந்து நிமிட ரெம்முக்குள் இரண்டு மூன்று கனவுகள் அடுத்தடுத்து வரலாம். உடம்பைப் புரட்டிப் படுக்கும் இடத்தில் ஒரு கனவு முடிந்து வேறொன்று தொடங்குவது சகஜம். ரெம் அல்லாத தூக்கத்திலும் கனவு உண்டு. ரெம்மில் எழுப்பினால் பத்துக்கு எட்டு முறை கனவு நினைவுக்கு வரும். மற்றக் கட்டங்களில் எழுப்பினால் ஏறத்தாழ நான்கு முறை வரும். அவை பெரும்பாலும் ஓர் எண்ணம், ஒற்றைக் காட்சி என்ற அளவில் நின்றுவிடும். கண் அசரும் முதல் நிமிடங்களில் தோன்றி மறையும் முகங்களும், படியிலிருந்து தவறி விழுவதுபோல் வரும் திடுக்கிடலும் சில நொடிகளில் முடிபவை. அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

முன்னேற்பாடு

முதல் வாரம் அலாரத்தை மறந்துவிடுங்கள். தினமும் ஒரே நேரத்தில் படுத்து, தானாக விழிக்கும்போது கனவு இருந்தால் எழுதுங்கள். விடியலில் இயல்பாக வரும் விழிப்பு பலருக்கு ரெம்மிலிருந்தோ அதன் விளிம்பிலிருந்தோதான் வரும் என்பதால், நினைவு கூரும் பழக்கத்தை வளர்க்க இதைவிட நல்ல வழி இல்லை. ‘எனக்குக் கனவே வருவதில்லை’ என்பவர்களில் பலரும் நான்கைந்து நாளில் ஏதாவது ஒரு துண்டைப் பிடித்துவிடுவார்கள்.

இரண்டாவது வாரத்தில் அலாரம் வைக்கலாம், ஆனால் வாரத்துக்கு இரண்டு இரவுக்கு மேல் வேண்டாம். கணக்கு எளிது. விளக்கை அணைக்கும் நேரத்தோடு தூக்கம் வர ஆகும் 15 நிமிடத்தைக் கூட்டி, அதோடு 6 மணி நேரத்தைக் கூட்டிப் பத்து நிமிடத்தைக் கழியுங்கள். 11.00-க்கு விளக்கை அணைத்தால் 11.15-க்குத் தூக்கம், நான்காவது சுற்று 5.15-க்கு முடியும், அலாரம் 5.05-க்கு. பத்து நிமிடத்தைக் கழிக்கக் காரணம் உண்டு. சுற்று முடிந்து அடுத்த சுற்றுக்குள் போய்விட்டால் கையில் ஒன்றும் மிஞ்சாது. ரெம் நடந்துகொண்டிருக்கும்போதே எழுப்ப வேண்டும். இரண்டு முறை வைத்தும் வெறுங்கையோடு விழித்தால் உங்கள் சுற்று 90 நிமிடமாக இல்லாமல் இருக்கலாம். அடுத்த முறை 15 நிமிடம் முன்னே அல்லது பின்னே நகர்த்துங்கள்.

அலாரம் ஒலி மெதுவாக, சொற்கள் இல்லாததாக இருக்கட்டும். பாட்டோ பேச்சோ வேண்டாம். விழிக்கும் அந்தக் கணத்தில் காதில் விழும் சொற்கள் கனவின் நினைவை அழித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். படுத்தபடியே கையை நீட்டினால் எட்டும் இடத்தில் அலாரம் இருக்க வேண்டும். செல்போனைப் பயன்படுத்தினால் இரவு முழுதும் ஏரோபிளேன் மோடில் போடுங்கள். திரையில் ஒரே ஒரு செய்தி கண்ணில் பட்டாலும் போதும், கனவு போய்விடும். நோட்டில் அன்றைய தேதியையும் படுத்த நேரத்தையும் முன்பே எழுதித் திறந்து வைத்துவிடுங்கள். விளக்கு மங்கலாக இருக்கட்டும்.

விழித்ததும் முதல் இரண்டு நிமிடம்

முழு வேலையும் இந்த இரண்டு நிமிடத்தில்தான் இருக்கிறது. அலாரத்தை அணைத்த கை அப்படியே நிற்கட்டும். புரளாதீர்கள், கண்ணைத் திறக்காதீர்கள், இன்று என்ன வேலை என்று நினைக்காதீர்கள். கடைசியாகக் கண்ட காட்சியை முதலில் பிடித்துக்கொண்டு, ‘இதற்கு முன் எங்கே இருந்தேன்?’ என்று ஒவ்வொரு படியாகப் பின்னால் போங்கள். கனவை முதலிலிருந்து நினைவுகூர முயல்வது பெரும்பாலும் தோற்றுவிடும். அதிகம் அழிந்திருப்பது முதல் பகுதிதான், பிடி கிடைக்காது. கடைசிக் காட்சி இன்னும் சூடாக இருக்கும். காட்சியே இல்லாமல் ஒரு மனநிலை மட்டும் மிஞ்சியிருந்தால், பயமோ அவசரமோ, அதையே பிடித்துக்கொண்டு இழுத்துப் பாருங்கள்.

ஒன்றரை நிமிடம் போதும். பிறகு கண்ணைத் திறந்து, முதலில் கடிகார நேரத்தை எழுதுங்கள். அடுத்து ஒவ்வொரு காட்சிக்கும் ஒரே ஒரு சொல்: ‘சாவி’, ‘பஸ்’, ‘பேனா’. அதற்கும் அடுத்ததாக, விவரம் எழுதுவதற்கு முன்னாலேயே, ‘எவ்வளவு நேரம் ஓடியதுபோல் இருக்கிறது?’ என்று உங்களையே கேட்டு, தோன்றும் எண்ணை எழுதிவிடுங்கள். விவரத்தை எழுதிய பிறகு கேட்டால், எழுத எடுத்த நேரத்தையும் மனம் சேர்த்துக்கொள்ளும். கடைசியாக முழுக் கனவையும் நிகழ்காலத்தில் எழுதுங்கள். ‘நடந்தேன்’ என்று எழுதும்போது கதை ஒழுங்குபடுகிறது, ‘நடக்கிறேன்’ என்று எழுதும்போது காட்சி திரும்பி வருகிறது. எழுதச் சோம்பலாக இருந்தால் குரலில் பதிவு செய்துகொண்டு பகலில் எழுதலாம். ஆனால் தூக்கக் கலக்கத்துக் குழறல் பகலில் பல நேரம் புரியாது, ஆகவே ஒற்றைச் சொற்களையாவது கையால் எழுதி வையுங்கள்.

எழுதியதை நிமிடமாக மாற்றுவது

இதைப் பகலில் செய்யுங்கள். கையில் ஸ்டாப்வாட்ச் வேண்டும். எப்படி என்று காட்ட ஒரு மாதிரிக் கனவு:

‘நீளமான ஒரு நடைகூடத்தில் நடக்கிறேன். கையில் சாவிக்கொத்து. கதவில் ஆறு சாவிகளையும் போட்டுப் பார்க்கிறேன், ஒன்றும் நுழையவில்லை. பின்னாலிருந்து யாரோ பேர் சொல்லிக் கூப்பிடத் திரும்புகிறேன். எப்படியோ பஸ்ஸில் இருக்கிறேன். ஜன்னல் கண்ணாடியில் ஈரம், அதை விரலால் துடைத்து வெளியே பார்க்கிறேன். பரீட்சை தொடங்கிப் பல மணி நேரம் ஆகிவிட்டது என்று தெரிகிறது. பக்கத்தில் இருப்பவரிடம் பேனா கேட்கிறேன். அவர் பை முழுக்கத் தேடி ஒரு கரண்டியை எடுத்து நீட்டுகிறார்.’

முதலில் வெட்டுகளைக் குறியுங்கள். ‘எப்படியோ’, ‘திடீரென்று’, ‘பிறகு பார்த்தால்’ என்ற சொற்கள் வரும் இடமெல்லாம் வெட்டு. அங்கே ஒரு கோடு போடுங்கள், அதற்குப் பூஜ்யம். நடைகூடத்திலிருந்து பஸ்ஸுக்கு நீங்கள் பயணம் செய்யவில்லை, காட்சி மாறியது, அவ்வளவுதான். அடுத்து ‘தெரிகிறது’ என்று வரும் வரிகளைப் பாருங்கள். ‘பல மணி நேரம் ஆகிவிட்டது என்று தெரிகிறது’ என்பது கனவில் உங்களுக்கு வந்த ஒரு செய்தி. அந்த மணிகளை நீங்கள் வாழவில்லை, ஆகவே அதற்கும் பூஜ்யம். ‘கனவில் பத்து வருஷம் வாழ்ந்தேன்’ என்பவர்களின் குறிப்பைப் பிரித்துப் பார்த்தால் அந்தப் பத்து வருஷமும் இப்படி ஒரே வரியில்தான் இருக்கும். சினிமாவில் ‘ஆறு மாதங்களுக்குப் பிறகு’ என்று எழுத்து ஓடினால் நாம் ஆறு மாதம் திரையரங்கில் உட்கார்ந்திருப்பதில்லை.

மிச்சமிருக்கும் செயல்களை மனதுக்குள் கற்பனை செய்து அளக்காமல், எழுந்து செய்து பாருங்கள். மனம் அவசரப்படும், நாலு சாவியைத் தாண்டிக் குதித்துவிடும். நடைகூடத்து நடைக்கு 30 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறு சாவிக்குத் தலா 10 விநாடி, மொத்தம் 60. குரல் கேட்டுத் திரும்ப 10. கண்ணாடியைத் துடைத்து வெளியே பார்க்க 40. பேனா கேட்க 5. பையைத் துழாவ 45. கூட்டினால் 190 விநாடி, அதாவது 3 நிமிடம் 10 விநாடி.

இது கனவின் குறைந்தபட்ச நீளம். முன்னால் மறந்துபோன பகுதி எவ்வளவு என்பது இதில் இல்லை. ஆகவே நோட்டில் ‘3 நிமிடம்’ என்று எழுதாமல் ‘3 நிமிடத்துக்குக் குறையாது’ என்று எழுதுவதே நேர்மையான பதிவு. பத்துக் கனவு சேர்ந்ததும் மூன்று எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: தோன்றிய நேரம், செய்து பார்த்த நேரம், எழுதிய சொற்களின் எண்ணிக்கை. முன்னிரவில் விழித்தவற்றைவிட விடியலில் விழித்தவை மூன்றிலும் கூடுதலாக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

சொல் எண்ணிக்கையை அடுத்தவரோடு ஒப்பிடாதீர்கள், அதில் பேச்சுப் பழக்கம்தான் தெரியும். உங்கள் கனவை உங்கள் கனவோடு மட்டும் ஒப்பிடுங்கள். அதற்கும் ஓர் எல்லை உண்டு. 1957-ஆம் ஆண்டுச் சோதனையில், ரெம் தொடங்கி 30 நிமிடத்துக்கு மேல் விட்டு எழுப்பியபோது ‘வெகுநேரம் கனவு கண்டேன்’ என்று சொன்னவர்கள்கூடச் சொல்லிய கதை, பதினைந்து நிமிடத்தில் எழுப்பியபோது சொன்னதைவிடப் பெரிதாக நீளவில்லை. நினைவு அதற்கு மேல் பிடித்து வைத்துக்கொள்வதில்லை.

அலாரத்தைத் தள்ளிவைத்த ஒன்பது நிமிடம்

‘அலாரத்தைத் தள்ளிவைத்துவிட்டு மறுபடி கண் மூடினேன், ஒன்பதே நிமிடத்தில் ஒரு முழு நாள் கனவாக ஓடிவிட்டது’ என்பதைக் கனவு வேகமாக ஓடுவதற்குச் சான்றாகச் சொல்வார்கள். ஒன்பது நிமிடம் குறைந்த நேரமா? மேலே நடைகூடம், சாவி, பஸ், பேனா, கரண்டி எல்லாம் சேர்ந்தும் மூன்று நிமிடம்தான் வந்தது. இதுபோல் ஏறக்குறைய மூன்று கனவு ஒன்பது நிமிடத்தில் அடங்கும். விடியலில் ரெம்மின் நடுவே விழித்தவர் மறுபடி கண் மூடினால் நேராக ரெம்முக்கே திரும்பிவிடவும் முடியும், தொண்ணூறு நிமிடம் காத்திருக்கத் தேவையில்லை.

துணைக்கு ஒருவர் இருந்தால்

அலாரம் குருட்டாம்போக்கில் அடிக்கும். பக்கத்தில் ஒருவர் விழித்திருந்தால் சரியான கணத்தைப் பார்த்து எழுப்பலாம். படுத்து ஐந்து மணி நேரத்துக்குப் பிறகு, மங்கல் வெளிச்சத்தில் தூங்குபவரின் இமையைக் கவனிக்க வேண்டும். மெல்லிய தோலுக்கு அடியில் ஒரு மேடு இடமும் வலமும் துள்ளி ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். மூச்சு சீர் தப்பும். விரல் நுனியோ உதட்டோரமோ லேசாகத் துடிக்கும், மற்றபடி உடம்பு தளர்ந்து கிடக்கும். தூக்கத்தின் தொடக்கத்தில் கண்மணி மெதுவாக உருளுவதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது ஊஞ்சல்போல் நிதானமாக இருக்கும். துள்ளல் தொடங்கியதும் ஸ்டாப்வாட்சை அழுத்தி, 5 நிமிடமா 15 நிமிடமா என்று முன்பே நாணயம் சுண்டி முடிவு செய்த நேரத்தில் பேர் சொல்லி மெல்ல அழைக்க வேண்டும். எந்த எண் விழுந்தது என்பது தூங்குபவருக்குத் தெரியக் கூடாது. அவர் தன் ஊகத்தைச் சொன்ன பிறகுதான் ஸ்டாப்வாட்சைக் காட்ட வேண்டும். தூங்கும் குழந்தைகளிடம் இந்தச் சோதனை வேண்டாம்.

ஸ்மார்ட் கைக்கடிகாரம் காட்டும் ரெம் வரைபடத்தை இதற்கு நம்பாதீர்கள். ஆய்வகத்தில் மூளை அலை, கண் அசைவு, தாடைத் தசை மூன்றையும் மின்முனைகள் ஒட்டிப் பதிவு செய்து, 30 விநாடிக்கு ஒரு துண்டாகப் பிரித்துப் படிப்பார்கள். கடிகாரத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் நாடித் துடிப்பும் கை அசைவும்தான், அவற்றிலிருந்து அது ஊகிக்கிறது. இரவின் மொத்தப் போக்கை ஓரளவு சொல்லும், ஒரு கனவு எந்த நிமிடத்தில் தொடங்கியது என்று சொல்லாது.

கனவு காண்கிறோம் என்று கனவுக்குள்ளேயே உணர்பவர்கள் வேறொரு வழியில் அளந்திருக்கிறார்கள். முன்பே பேசிவைத்தபடி கண்ணை இடம் வலமாக அசைத்துக் குறி கொடுத்து, கனவுக்குள் பத்து வரை எண்ணி, மறுபடி குறி கொடுப்பார்கள். அமெரிக்காவில் ஸ்டீவன் லபெர்ஜ் செய்த இந்தச் சோதனையில் எண்ணும் நேரம் விழிப்பு நேரத்தை ஒட்டியே வந்தது. டேனியல் எர்லாக்கரின் பிந்தைய ஆய்வுகளில் நடப்பதற்கும் உட்கார்ந்து எழுவதற்கும் கனவில் கூடுதல் நேரமே ஆயிற்று.

எது கணக்கைக் கெடுக்கும், யார் செய்யக் கூடாது

மது அருந்திய இரவை நோட்டில் சேர்க்காதீர்கள். மது முன்னிரவு ரெம்மை அமுக்கிவிடும். அது உடலை விட்டு இறங்கியதும் பின்னிரவில் ரெம் துண்டு துண்டாக, அழுத்தமான கனவுகளோடு திரும்பும். மனச்சோர்வுக்கான மருந்துகளில் பலவும் ரெம்மைக் குறைக்கும். சோதனைக்காக அவற்றை ஒருநாள்கூட நிறுத்தக் கூடாது. ‘மருந்து எடுக்கிறேன்’ என்று நோட்டின் முதல் பக்கத்தில் குறித்துக்கொண்டு தொடர்ந்தால் போதும். பல நாள் சரியாகத் தூங்காதவருக்கும் ரெம் வழக்கத்தைவிட முன்னதாக, நீளமாக வரக்கூடும். அந்த வாரத்தின் எண்கள் உங்கள் இயல்பைக் காட்டாது.

வலிப்பு நோய் உள்ளவர்களும், இருமுனைக் கோளாறு உள்ளவர்களும், தூக்கமின்மையால் ஏற்கெனவே அவதிப்படுபவர்களும் அலாரம் வைத்துத் தூக்கத்தைக் கலைக்க வேண்டாம். தானாக விழிக்கும்போது எழுதுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். மறுநாள் நெடுந்தூரம் வண்டி ஓட்டப்போகிறவருக்கும் இதே விதிதான்.

இரண்டு அறிகுறிகளை மட்டும் நோட்டோடு விட்டுவிடாதீர்கள். ரெம்மில் உடம்புத் தசைகள் தளர்ந்து கட்டுண்டு கிடக்க வேண்டும். கனவில் அடித்தால் நிஜத்திலும் கை ஓங்குகிறது, உதைக்கிறார், கத்திக்கொண்டு கட்டிலிலிருந்து விழுகிறார் என்றால் அந்தக் கட்டு தளர்ந்திருக்கிறது. பகலில் அடக்க முடியாத தூக்கம் வந்து, கண் மூடிய சில நிமிடத்திலேயே தெளிவான கனவு தொடங்குகிறது என்றால் சுற்றின் ஒழுங்கே மாறியிருக்கலாம். இரண்டுக்கும் தூக்க மருத்துவரைப் பாருங்கள், போகும்போது தேதியும் நேரமும் குறித்த அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.